கல்லைக் கரைத்துச் செம்பு தரும் நுண்ணுயிர்கள்

வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போர்டோ கலவை தயாரிக்கும் விவசாயிகளுக்கு ஒரு சோதனை நன்றாகத் தெரியும். மயில்துத்தக் கரைசலையும் சுண்ணாம்பு நீரையும் கலந்த பின்னர், துலக்கிய அரிவாளின் நுனியை அதில் சிறிது நேரம் தோய்த்து எடுப்பார்கள். இரும்பின்மேல் செந்நிறப் படலம் படிந்தால், செம்பு மிஞ்சியிருக்கிறது என்று கண்டு மேலும் சுண்ணாம்பு நீர் சேர்ப்பார்கள். கரைந்துள்ள செம்பு இரும்பின்மேல் படிகிறது; அதற்கு ஈடாக இரும்பு கரைந்துவிடுகிறது.

இதே முறையைப் பெரிய அளவில் கையாண்டு ஸ்பெயின் தேசத்தில் நெடுங்காலம் செம்பு எடுத்தனர். அங்கே செம்பைக் கல்லிலிருந்து கரைத்துக் கொடுத்தவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அவை செய்யும் தொழிலையும், அதில் கிராம மக்கள் கவனிக்க வேண்டிய அபாயத்தையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

செந்நிற ஆறு

ஸ்பெயினின் தென்மேற்கில் ரியோ டின்டோ என்னும் ஆறு ஓடுகிறது. சாயமேறிய ஆறு என்பது அப்பெயரின் பொருள். அதன் நீர் சிவந்து, எலுமிச்சைச் சாற்றையொத்த புளிப்புடன் இருக்கும். அவ்வட்டாரத்துச் சுரங்கத்தார் செம்பு குறைந்த கற்களைக் குவித்து, அவற்றின்மேல் நீர் பாய்ச்சி, வடியும் நீரைப் பழைய இரும்புத் துண்டுகளின்மீது ஓடவிட்டு, படிந்த செம்பைச் சுரண்டி எடுத்தனர். கல் எதனால் கரைகிறது என்பதை அவர்கள் அறியார்.

1947-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடியும் புளிப்பு நீரை கால்மர், ஹிங்கிள் என்ற இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். அந்நீர் அவ்வாறு ஆவதில் பாக்டீரியாக்களுக்குப் பங்கு உண்டு என்று கண்டனர். அவற்றுள் முக்கியமானது இன்று அசிடிதயோபாசில்லஸ் பெரோஆக்சிடன்ஸ் என்று அழைக்கப்படுகிறது. ஆயிரம் பாக்டீரியாக்களை வரிசையாக வைத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே வரும்.

எவ்வாறு கரைக்கிறது?

செம்புத் தாதுக்கள் பலவற்றில் செம்பும் இரும்பும் கந்தகத்தோடு பிணைந்துள்ளன. மற்ற உயிர்களைப் போல இந்த நுண்ணுயிர் தழையையோ மாவையோ உண்பதில்லை. இரும்பும் கந்தகமும் பிராணவாயுவோடு சேரும்போது பிறக்கும் சக்தியைக் கொண்டு பிழைக்கிறது. உடல் வளர்க்கக் காற்றிலுள்ள கரியமிலவாயுவை எடுத்துக்கொள்கிறது.

நாம் நிலக்கடலைக்கு இடும் அன்னபேதியில் ஒருவகை இரும்பு உள்ளது. அவ்வகை இரும்பை இந்நுண்ணுயிர் வேறொரு வகையாக மாற்றுகிறது. மாறிய இரும்பு கல்லைத் தாக்கிச் செம்பை விடுவித்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நுண்ணுயிர் அதனை மீண்டும் மாற்றிக் கொடுக்கிறது. மழுங்கிய அரிவாளைத் தீட்டித் தீட்டிக் கொடுப்பதற்கு இதனை ஒப்பிடலாம். புளிப்பு மிகுந்த நீரில் இம்மாற்றம் தானாக நிகழ்வதைவிட நுண்ணுயிரால் பல லட்சம் மடங்கு விரைவாக நிகழ்கிறது. கந்தகமோ கந்தகத் திராவகமாக மாறுகிறது.

கற்குவியலும் சொட்டு நீரும்

ஆயிரம் கிலோ கல்லில் நான்கைந்து கிலோவுக்கும் குறைவாகவே செம்பு இருக்குமாயின், அதனை அரைத்து உலையில் உருக்கும் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அத்தகைய கல்லுக்கே இம்முறை பெரிதும் ஏற்றது. 1958-இல் அமெரிக்காவின் கென்னகாட் செம்புக் கம்பெனி இதற்குக் காப்புரிமை பெற்றது.

தரையில் நீர் கசியாத பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, உடைத்த கல்லை அதன்மேல் பல மீட்டர் உயரத்துக்குக் குவிக்கின்றனர். மேலிருந்து புளிப்பு நீரைச் சொட்டவிடுகின்றனர்; நம் தோட்டங்களில் உள்ளவை போன்ற சொட்டு நீர்க் குழாய்களே இதற்குப் பயன்படுகின்றன. நுண்ணுயிர்கள் மூச்சுவிட அடியிலிருந்து காற்றும் செலுத்துவதுண்டு. வடிந்த நீரிலிருந்து இன்று மின்சாரத்தைக் கொண்டு தூய செம்பைப் பிரிக்கின்றனர். உலைப் புகை இல்லை என்பது இம்முறையின் நன்மை. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்க வேண்டும் என்பது குறை.

தென்னாப்பிரிக்காவின் பேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல், கந்தகக் கல்லினுள் சிறைப்பட்ட தங்கத்தை விடுவிக்கவும் நுண்ணுயிர்களைத் தொட்டிகளில் வளர்த்துப் பயன்படுத்தி வருகின்றனர்.

அபாயம் எங்கே?

இந்நுண்ணுயிர்கள் வேலியிட்ட இடத்தில் மட்டும் வேலை செய்பவை அல்ல. கந்தகக் கல் காற்றும் நீரும் படக் கிடந்தால், அழையாமலே வந்து சேரும். கேரளத்தின் குட்டநாட்டிலுள்ள கரி நிலங்களில் நெல்லுக்குத் தீங்கு செய்யும் புளிப்பும் இத்தகைய மாற்றத்தால் விளைவதே. கைவிடப்பட்ட சுரங்கக் குவியலில் இது தொடங்கினால், திராவகமும் செம்பும் வேறு உலோகங்களும் ஓடைக்கும் கிணற்றுக்கும் செல்லும். உலோகம் தரும் உயிரே நீரைக் கெடுக்கும் உயிருமாகும்.

பின்லாந்தின் தல்விவாரா சுரங்கம் இதற்குச் சான்று. ஆயிரம் கிலோ கல்லில் மூன்று கிலோவுக்கும் குறைவாக உள்ள நிக்கலை எடுக்க 2008-இல் அங்கு உற்பத்தி தொடங்கியது. 2012 நவம்பரில் கழிவுநீர்க் குளம் கசிந்து, உலோகங்கள் கலந்த நீர் அருகிலுள்ள ஏரிகளுக்குப் பாய்ந்தது. 2014-இல் கம்பெனி நொடித்தது; மறு ஆண்டு அரசுக்குச் சொந்தமான நிறுவனம் சுரங்கத்தை ஏற்றது. நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்தன. நீரைக் காக்கும் வேலையில்தான் மனிதர் தவறினர்.

பஞ்சாயத்தார் கேட்க வேண்டியவை

நம் நாட்டில் பல சுரங்கத் திட்டங்களுக்கு, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படுகிறது. கந்தகம் கலந்த தாதுவைப் பற்றிய கூட்டமாயின், பஞ்சாயத்து உறுப்பினர்கள் நான்கு வினாக்களை எழுப்பலாம். குவியலுக்கு அடியில் விரிப்பு உண்டா? பெருமழை பெய்தாலும் நிரம்பி வழியாத அளவுக்குக் கழிவுநீர்க் குளம் உள்ளதா? சுற்றுப்புறக் கிணற்று நீரை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பர்? சுரங்கம் மூடிய பின்னர்க் குவியலை மூடிக் காக்கும் செலவு யாருடையது?

கடைசி வினாவைத் தவறாமல் கேட்குமாறு வற்புறுத்துகிறோம். கம்பெனி கணக்கை முடித்துக்கொண்டு போகலாம். கல்லும் காற்றும் நீரும் உள்ளவரை நுண்ணுயிர் தன் வேலையை நிறுத்தாது.