கூலி வரட்டும், எழுந்திருக்கிறோம்!

எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் எங்கே நடந்தது தெரியுமா? எகிப்தில்! 3000 ஆண்டுகளுக்கும் முன்னால், மன்னர் மூன்றாம் ராம்செஸ் காலத்தில்.

மலையைக் குடைந்து அரசர்களுக்குக் கல்லறை அமைத்த தொழிலாளர்கள்தான் அதைச் செய்தவர்கள். கூலி காசாகக் கிடையாது, கோதுமையும் பார்லியும்தான். அதுவும் நாள்கணக்கில் வரவில்லை. பிள்ளைகுட்டிகளோடு எத்தனை நாள்தான் பொறுப்பது? வேலையைப் போட்டுவிட்டு, கோயில் ஒன்றின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசி தாங்கவில்லை, உடுத்தத் துணியில்லை, எண்ணெய்கூட இல்லை, மன்னருக்கு எழுதுங்கள் என்று அதிகாரிகளிடம் துணிந்து சொன்னார்கள். எவ்வளவு நியாயமான கோரிக்கை!

கடைசியில் நிலுவைத் தானியம் வந்து சேர்ந்தது. எழுத்தர் ஒருவர் இதையெல்லாம் குறித்து வைத்த பாப்பிரஸ் தாள், இன்றும் இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.