துருவத்தின் இருபுறம் இரண்டு ஊர்கள்

அலாஸ்காவின் வடகோடியில் உள்ள ஊர் உட்கியாக்விக். 2016 வரை பாரோ என்று அழைக்கப்பட்டது. நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கிறது லாங்யர்பியன். இரண்டிலிருந்தும் வேறு எந்த ஊருக்கும் சாலை கிடையாது. ஆண்டு முழுக்க விமானம்தான் போக்குவரத்து. இந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஒன்று இடது ஓரத்திலும் மற்றொன்று நடுவிலும் இருக்கும். பாதி உலகத்தைக் கடக்க வேண்டும்போலத் தோன்றும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிப்பதால் வரும் மயக்கம் அது. மெர்கேட்டர் வரைபடத்தில் 70 பாகை வடக்கில் உள்ள நிலம் ஏறக்குறைய மூன்று மடங்கு நீண்டு தெரியும். உண்மையிலோ தீர்க்கரேகைகள் வடக்கே போகப்போக நெருங்கிவிடுகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. இடைவெளி என்றால், லாங்யர்பியனில் 23 கி.மீ.தான்.

உலக உருண்டை ஒன்றை எடுத்து, இந்த இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் கிழக்கு மேற்காக ஓடாது. நேரே மேலேறி, வட துருவத்தை ஒட்டிப் போய், மறுபுறம் இறங்கும். இதுதான் பெருவட்டப் பாதை. நீளம் சுமார் 3,380 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்துக்கு நான்கு மணி நேரப் பயணம்.

ஏறத்தாழ இந்த வழியில் 1928லேயே பறந்துகாட்டினார்கள். ஏப்ரல் 15 அன்று ஆஸ்திரேலியரான ஹியூபர்ட் வில்கின்ஸும் விமானி கார்ல் பென் ஐல்சனும் ஒற்றை எஞ்சின் கொண்ட லாக்ஹீட் வேகா விமானத்தில் பாரோவிலிருந்து கிளம்பினார்கள். காந்த முள் காட்டும் வடக்கு வேறு, உண்மையான வடக்கு வேறு. துருவப் பகுதியில் அந்த வித்தியாசம் வழிநெடுக மாறிக்கொண்டே இருக்கும். அதனால் வில்கின்ஸ் செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து அளந்து திசையைத் திருத்தினார். 20 மணி 20 நிமிடம் பறந்து ஸ்வால்பார்ட்டை எட்டியபோது பனிப்புயல். ஆளில்லாத தீவொன்றில் இறங்கி, ஐந்து நாள் விமானத்துக்குள்ளேயே ஒதுங்கிக் கிடந்தார்கள்.

இன்று அதே பயணத்துக்கு நேரடி விமானம் இல்லை. ஆங்கரேஜ், சியாட்டில், ஃபிராங்க்ஃபர்ட், ஆஸ்லோ போன்ற ஊர்களில் மாறி மாறித்தான் போக வேண்டும். இந்த நான்கு ஊர் வழியாகப் போனால் மொத்தம் 14,000 கி.மீ.க்கு மேல், வானில் இருக்கும் நேரம் மட்டுமே சுமார் 20 மணி. காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு நாள் தாண்டிவிடும். வில்கின்ஸின் சின்ன விமானம் இதைவிடத் தாமதமில்லை!

துருவத்தைத் தாண்டிப் பறப்பதில் சிக்கல்கள் உண்டு. அவசரத்தில் இறங்க அருகில் விமான நிலையம் வேண்டும். எரிபொருள் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூரியப் புயல் வீசினால் ரேடியோ தொடர்பு அறுந்துபோகும். ஆனாலும் வட அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்குத் துருவ வழியில் பெரிய விமானங்கள் பறந்திருக்கின்றன. இங்கே தடை தொழில்நுட்பம் அல்ல, ஆள் எண்ணிக்கை. ஓர் ஊரில் சுமார் 5,000 பேர், மற்றதில் அதில் பாதி. இவர்களுக்கிடையே விமானம் நிரம்ப வழியில்லை.

இணையத்தில் இரு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் நொடியில் வரும். அந்த நேரம், தூரத்தை வேகத்தால் வகுத்துக் கிடைத்த விடை மட்டுமே. தூரத்தைப் பூமியின் வடிவம் முடிவு செய்கிறது. பயண நேரத்தையோ எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்பது முடிவு செய்கிறது. வடகோடி ஊருக்குப் போக நினைப்பவர் கிலோமீட்டரைக் கேட்பதைவிட, எத்தனை விமானம் மாற வேண்டும் என்று கேட்பதே சரி.