மேசைக்கணினிக்கு ஒரு கம்பியில்லா இணைப்பி

பினாங்குத் தீவிலுள்ள ஜெலுத்தோங், ஒரு மரத்தின் பெயரால் வழங்கும் ஊர். அம்மரத்தின் பால் ஒரு காலத்தில் சுவிங்கம் செய்ய மூலப்பொருளாக இருந்தது. அதன் கட்டை பென்சிலுக்குப் பயன்பட்டது. இன்று அவ்வூரில் அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அங்கிருந்து கிழக்குக் கரைச் சாலை வழியே தெற்கே சென்றால் பாயான் லெப்பாஸ் வரும். 1972ஆம் ஆண்டு முதல் இன்டெல் முதலிய நிறுவனங்கள் அங்கே தொழிற்சாலை அமைத்தன. மின்னணுத் தொழில் தீவின் உயிர்நாடியாயிற்று. உலகத்துக் கணினிகளுக்கு உறுப்புகள் செய்து அனுப்பும் இத்தீவிலும், ஒரு சிறு உறுப்பு இல்லாத காரணத்தால் பழைய மேசைக்கணினி பயனற்றுக் கிடக்கும் வீடுகள் உண்டு.

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இக்குறை வெளிப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்தின் வழி வீட்டிற்கு வந்தன. ஒரே கைப்பேசியைப் பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய குடும்பங்கள் பல. பழைய மேசைக்கணினிகளிலோ கம்பி செருகும் துளை மட்டுமே இருக்கும். இணையத்தை வீட்டிற்குள் பரப்பும் ரவுட்டர் கூடத்தில் இருக்க, கணினி அறையில் இருக்கும். இவ்விரண்டையும் காற்றின் வழி இணைப்பதே வைஃபை அடாப்டர் எனப்படும் கம்பியில்லா இணைப்பி. வைஃபையை ‘அருகலை’ என்று தமிழாக்குவாரும் உளர். புதுக் கணினியின் விலையில் மிகச் சிறு பகுதிக்கே இவ்விணைப்பி கிடைக்கும். ஆயினும் அதனைத் தேர்ந்தெடுக்க அறியாதார் பணத்தையும் பொறுமையையும் ஒருங்கே இழப்பர்.

அலையும் சுவரும்

1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவரை ஊடுருவிச் செல்லும் அலையால் மணியொலிக்கச் செய்து காட்டினார். இணைப்பியும் அவ்வினத்து அலைகளையே ஆளுகின்றது. இன்று பெரும்பாலும் பயன்படும் அலைவரிசைகள் இரண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் இதில் பாதிக்கும் குறைவு.

முன்னது சுவரை எளிதிற் கடக்கும். ஆனால் அதில் நெரிசல் மிகுதி. ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே அதில் அமைகின்றன. அடுக்குமாடியில் மேலும் கீழும் பக்கத்திலுமாகப் பத்து ரவுட்டர்கள் அம்மூன்று தடங்களையே பங்கிட்டுக் கொள்ளும். நுண்ணலை அடுப்பும் அதே வரிசையில்தான் இயங்குகின்றது. பின்னதில் தடங்கள் பல. ஆனால் இரும்புக் கம்பி பாவிய கற்காரைச் சுவரில் அது விரைந்து தளரும். ஆகவே இரு வரிசையும் அறிந்த இணைப்பியே அடுக்குமாடி வீட்டிற்கு ஏற்றது. மிக மலிவான சிலவற்றில் முதல் வரிசை மட்டுமே இருக்கும்.

பெட்டியின் மேல் உள்ள எண்

பெட்டியில் ‘ஏ.சி. 600’, ‘ஏ.சி. 1200’ என அச்சிட்டிருப்பர். 600 என்பது 2.4 வரிசையின் 150 மெகாபிட்டையும் 5 வரிசையின் 433 மெகாபிட்டையும் கூட்டி, முழுமையாக்கிய எண். 1200 என்பதும் அவ்வாறே 300, 867 என்னும் இரண்டின் கூட்டு. இணைப்பி ஒரு நேரத்தில் ஒரு வரிசையில் மட்டுமே ரவுட்டருடன் இணையுமாதலின், கூட்டுத்தொகை முழுவதும் ஒருபோதும் கைக்கு வாராது. கிடைக்கும் வரிசையிலும் பாதியளவு வந்தாலே நன்று. மேலும், பழைய கணினியின் யூ.எஸ்.பி. 2.0 துளை நொடிக்கு 480 மெகாபிட்டுக்கு மேல் விடாது. காணொளி வகுப்பிற்குச் சில மெகாபிட் தடையின்றி வந்தால் போதும். எனவே பெரிய எண்ணுக்காகப் பணம் கூட்டிக் கொடுப்பதினும், வெளியே நீண்ட உணர்கொம்பு உடையதை வாங்குவது அறிவுடைமை. நகத்தளவான இணைப்பி பார்வைக்கு இனிது; தொலைவிலுள்ள ரவுட்டரின் மெல்லிய அலையைப் பற்றுவதில் அது பின்தங்கும்.

உள்ளிருக்கும் சில்லு

இணைப்பியின் உண்மையான இயல்பு அதனுள் இருக்கும் சில்லைப் பொறுத்தது. அச்சில்லோடு கணினி உரையாடுவதற்கு ‘டிரைவர்’ எனப்படும் இயக்குநிரல் வேண்டும். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றபின், பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவுவோர்க்கு இச்செய்தி மிக முக்கியம். மீடியாடெக் 7612 போன்ற சில்லுகளுக்குரிய இயக்குநிரல் லினக்ஸினுள்ளேயே அடங்கியுள்ளது. செருகியவுடன் அவை வேலை செய்யும். வேறு சிலவற்றுக்கு இயக்குநிரலைத் தேடி நிறுவவேண்டும். லினக்ஸைப் புதுப்பிக்கும் போது அது மீண்டும் முறிதலும் உண்டு. ஒரே பெயரில் விற்கும் இணைப்பி, பதிப்புக்குப் பதிப்பு வேறு சில்லைக் கொண்டிருக்கலாம். ஆதலால் பெயரோடு பதிப்பெண்ணையும் பார்த்தல் வேண்டும்.

வாங்குமுன் காணத்தக்கவை இன்னும் இரண்டு. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்றுக்குறி ஒன்று. ரவுட்டர் கேட்கும் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்னும் பூட்டுமுறைக்கு இசைவு மற்றொன்று.

வைக்கும் இடம்

நல்ல இணைப்பியும் தவறான இடத்தில் செவிடாகும். மேசைக்கணினியின் பின்புறத் துளையில் செருகினால் ஒருபக்கம் இரும்புப் பெட்டியும் மறுபக்கம் சுவரும் அலையை மறைக்கும். அருகே யூ.எஸ்.பி. 3.0 துளையில் வேறு கருவி இயங்கினால், அதிலிருந்து எழும் மின்னிரைச்சல் 2.4 வரிசையைக் கெடுக்கும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியால் இணைப்பியை மேசைமேல் உயர்த்தி வைத்தால் இரு குறையும் தீரும். அலை தளர்ந்ததென்று வேறு இணைப்பி வாங்குமுன் செய்து பார்க்கவேண்டிய முதல் வேலை இதுவே.

ரவுட்டரும் கணினியும் ஒரே அறையில் இருப்பின் இணைப்பியே வேண்டா. கம்பியே மலிவு, கம்பியே உறுதி. அது இயலாத வீட்டிற்கு, இரு வரிசையும் உணர்கொம்பும் கணினி அறிந்த சில்லும் உடைய எளிய இணைப்பி ஒன்று போதும். மூலையில் கிடந்த கணினி பிள்ளைகளின் படிப்புக்கு மீண்டும் துணையாகும்.