தொந்தியும் நீரிழிவும்

நாற்பது பிராயத்தை எட்டிய ஒருவருக்குச் சிறிது தொந்தி விழுந்தால், அதைச் சுகஜீவனத்தின் அடையாளமென்று கொண்டாடுவது நம்மவர் வழக்கம். வைத்திய சாஸ்திரமோ இதற்கு நேர்மாறான தீர்ப்பை அளித்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, இத்தேசத்தில் நீரிழிவு கண்டவர் சுமார் 10 கோடி. அதன் வாயிலில் நிற்பவர் சுமார் 13.6 கோடி. இவ்விரண்டாவது கூட்டத்தாரைக் குறித்தே இன்று எழுதப் புகுந்தோம். ஏனெனில், இவர்கள் திரும்பி வரும் வழி இன்னும் அடைபடவில்லை.

நோயின் மூலத்தை முதலில் அறிதல் வேண்டும். நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்திற் கலக்கிறது. அதைத் தசைகளும் ஈரலும் ஏற்றுக்கொள்ளும்படி உத்தரவிடுவது, கணையத்திற் சுரக்கும் இன்ஸுலின். 1921-ம் ஆண்டில் கானடா தேசத்து டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்பவர்கள் இதனைப் பிரித்தெடுத்தனர். நீரிழிவெல்லாம் இன்ஸுலின் குறைவால் வருவதே என்ற எண்ணம் அப்போது வலுத்தது. ஆனால் 1936-ல் லண்டன் வைத்தியர் ஹிம்ஸ்வொர்த், இன்ஸுலினுக்குச் செவிசாய்க்கும் நோயாளிகள், செவிசாய்க்காத நோயாளிகள் என இருவகையினர் உண்டென்று காட்டினார். பின்னவருடைய நிலையே இந்நாளில் இன்ஸுலின் எதிர்ப்பு எனப்படுகிறது.

நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பிரதிவாதி சம்மனை வாங்க மறுக்கிறான், இரண்டாவது சம்மன் போகிறது, மூன்றாவதும் போகிறது. வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்பு மிகுந்த சரீரத்தில் தசைகள் இவ்வாறே மறுக்கின்றன. கணையமோ மேலும் மேலும் இன்ஸுலினைச் சுரந்து காரியத்தை ஒருவாறு நடத்திவைக்கிறது. இதனால் பல வருஷங்கள் வரை இரத்தத்திற் சர்க்கரை சரியாகவே காணும். மனிதரும் தமக்கொரு குறையுமில்லையென்று இறுமாந்திருப்பார். கணையம் களைத்த பின்னரே நோய் வெளிப்படுகிறது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது தேகாப்பியாசம். வேலை செய்யும் தசை, இன்ஸுலினின் உத்தரவை எதிர்பாராமலே சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. வேலை முடிந்த பின்பும் ஓரிரு நாள் வரை அது இன்ஸுலினுக்கு நன்கு இணங்கி நிற்கும். அதற்கப்பால் அப்பயன் தேய்ந்துவிடும். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரையில் நடந்துவிட்டு, மற்ற ஆறு நாளும் நாற்காலியிற் கிடப்பது போதாது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பதே நலம்.

இரண்டாவது ஆகார நியமம். பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. இலையில் தீட்டிய அரிசிச் சோற்றைக் குவித்துக் கறியைத் தொட்டுக்கொள்ளும் வழக்கத்தை மாற்றி, கீரை, காய், பருப்பு ஆகியவற்றைப் பெருக்கிச் சோற்றைச் சுருக்குவதே முறை. சர்க்கரையையும், எண்ணெயில் வெந்த மாலைப் பலகாரத்தையும் விலக்க வேண்டும். கேழ்வரகாயின் எவ்வளவும் உண்ணலாமென்று சிலர் நம்புகின்றனர், அதுவும் மாவுப்பண்டமே. அளவே பிரதானம். அளவறிந்து உண்டால், தொந்தி கரையுமுன்னரே ஈரலிற் படிந்த கொழுப்புக் கரையத் தொடங்குகிறது.

இவை வெறும் உபதேசங்களல்ல. அமெரிக்காவில், பருத்த உடலும் நீரிழிவு வரும் அறிகுறியும் உடைய 3,234 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. எடையில் 100-க்கு 7 பங்கு குறைப்பது, வாரம் 150 நிமிஷம் உழைப்பது என்ற விரதத்தை மேற்கொண்டவர்களிடையே நோய் 100-க்கு 58 வீதம் குறைந்தது. மெட்பார்மின் மருந்துண்டவர்களிடையே 31 வீதமே குறைந்தது.

நமது சென்னையில் டாக்டர் ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 531 பேரைக் கொண்டு நடத்தி, 2006-ல் வெளியிட்ட சோதனை நமக்கு இன்னும் நெருங்கியது. மூன்று வருஷங்களில், முன்போலவே வாழ்ந்தவர்களில் 100-க்கு 55 பேரை நீரிழிவு பற்றியது. நடையும் ஆகார நியமமும் கைக்கொண்டவர்களில் 39 பேரையே பற்றியது. பின்னவர்க்கு எடை குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தராசு முள் அசையவில்லையே என்று மனந்தளர்ந்து நடையை நிறுத்துவோர் இதனை உணர்வாராக. அந்த 39 பேருக்கு நோய் வந்ததையும் நாம் மறைக்கவில்லை. எல்லோரையும் காக்கும் கவசம் இதுவன்று. ஆயினும் பலரைக் காத்திருக்கிறது. ஏற்கெனவே மருந்துண்பவர்கள் வைத்தியரைக் கலவாமல் அதனை நிறுத்தலாகாது.

"நேரமில்லை" என்பதே நம்மவர் கூறும் சமாதானம். கோர்ட்டிலும் பத்திரிகாலயத்திலும் உட்கார்ந்தே நாற்பதைக் கடந்த நாமும் அதைச் சொல்லிவந்தவரே. தினம் அரைமணி நேரத்தை நடைக்குத் தர மறுப்பவர், பிற்காலத்தில் வைத்தியசாலையின் வாயிலில் நாட்கணக்காகக் காத்திருக்க நேரும். பிறருக்காகப் பாடுபடுவோம் என்று புறப்பட்டவர்களுக்கு முதற் கருவி உடம்பே. அதைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, எந்தப் பெருங்காரியத்தை எத்தனை காலம் நடத்த முடியும்?