மறைமலை நகர் வண்டி, சதுரங்கப்பட்டினத்துக் காற்று

ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 2013-இல் விற்பனைக்கு வந்தபோது, முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். செய்த இடம் நம் மறைமலை நகர். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையோடு அந்த ஆலையிலும் உற்பத்தி நின்றது. இன்று அதே மாவட்டத்தின் கடலோரத்தில், சதுரங்கப்பட்டினம் போன்ற ஊர்களில், செகண்ட் ஹேண்டில் ஃபோர்டு வண்டிகளை வாங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆசையில் தப்பே இல்லை, நல்ல வண்டி. கணக்குதான் பல வீடுகளில் தவறுகிறது.

வண்டி பழசானால் அதன் விலை இறங்கும். ஸ்பேர் விலை இறங்காது. புதிதாக 30 லட்சத்துக்கு மேல் விற்ற ஃபோர்டு எண்டவரைப் பழசாகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். டர்போ போனால் அந்த 30 லட்ச வண்டிக்கான பில்தான் வரும்.

கடலோரத்தில் இன்னொரு செலவும் உண்டு. உப்புக் காற்றில் நின்ற வண்டிக்கு மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் பைப்பில் விரலை ஓட்டினால் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். போல்ட் தலை கரைந்து ஸ்பேனர் பிடிக்காது. கேஸ் கட்டர் வைத்துத்தான் அறுக்க வேண்டும். புஷ் மாற்றப் போனவர் லோயர் ஆர்மையே மாற்றிக்கொண்டு வருவது இப்படித்தான். பெரும்பாலான ஈக்கோஸ்போர்ட்களில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. கதவைத் திறந்து சற்றுத் தூக்கிப் பாருங்கள், கீல் தளர்ந்திருந்தால் கையிலேயே தெரிந்துவிடும். அடிப்பாகத்தை அடிக்கடி கழுவுவது நல்லது. ஆனால் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் தெருவில் அதில் கழுவிப் பயனில்லை.

1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் பெட்ரோல் வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. மலிவான ஆயில் ஊற்றினாலோ, காலம் தாழ்த்தி மாற்றினாலோ பெல்ட் பிய்ந்து, துகள்கள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். அதன் பிறகு என்ஜின் வேலைதான். சர்வீஸ் பில்கள் கையில் இல்லாத வண்டியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கதவு, பம்பர், விளக்கு போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டையில் பழசாகவே வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களை மட்டும் புதிதாகப் போடுங்கள். வண்டியில் குடும்பமே உட்காருகிறது.

2013-இல் பதிவான வண்டிக்கு 15 ஆண்டுகள் முடிந்து 2028-இல் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் பெரிதல்ல. துருப்பிடித்த வண்டியை அதற்கான தகுதிச் சோதனையில் தேற வைப்பதற்குத்தான் பணம் போகும். விலை பேசும்போதே அதையும் கழித்துப் பேசுங்கள்.