வெள்ளைத் திரையின் காரணம்

விழாவுக்கு மூன்று கிழமைகள் இருக்கையில், நமது சங்கத்தின் இணையத்தளம் ஓரிரவிலே மறைந்துபோயிற்று. வெள்ளைத் திரையும், அதன்மேற் கடும்பிழை நேர்ந்ததென்னும் ஒருவரிச் செய்தியுமே எஞ்சின. கல்லூரியின் பழைய மலர்களைப் படியெடுத்த பக்கங்களும், விழாவுக்கு வருவதாகப் பதிந்துகொண்ட அன்பர்களின் பெயர்களும் அத்தளத்திலேயே இருந்தன. அம்மலர்கள் சிலவற்றின் மூலப்பிரதிகளைக் கறையான் அரித்துவிட்டமையால், எமக்கு உண்டான கலக்கம் சொல்லுந்தரமன்று. அன்று யாம் கற்றவை, இத்தகைய தளங்களை நடத்தும் ஏனையோர்க்கும் பயன்படுமென எண்ணி ஈண்டு எழுதுகின்றோம்.

எமது தளம் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் அமைந்தது. 2003ஆம் ஆண்டிலே தோன்றிய அம்மென்பொருள், பி.எச்.பி. என்னுங் கணினி மொழியில் எழுதப்பெற்றது. அம்மொழியைப் படித்துத் தொழிற்படுத்தும் நிரல், பார்ப்பவருடைய கணினியிலன்றி, தளம் தங்கியிருக்கும் சேர்வரிலே உள்ளது. பதிவுப் படிவம், படத்தொகுப்பு முதலிய வசதிகளைத் தருவன பிளகின் என வழங்கும் செருகிகள். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்குந்தோறும், இயக்கத்திலுள்ள செருகிகள் யாவும் மூல மென்பொருளோடு சேர்ந்து ஒரே ஓட்டத்திற் படிக்கப்படுகின்றன. ஆதலின், அவற்றுள் ஒன்றிலே கடும்பிழை நேரின் அது மட்டும் நின்றொழிவதில்லை. தளம் முழுவதுமே நின்றுவிடுகின்றது.

பதிவுப் படிவத்துக்குரிய செருகி அன்று பகலிலேதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. எனவே, பழி முழுவதும் அதன்மேல் விழுந்தது. அச்செருகியை அழித்துவிடவேண்டும் என்றார் ஒருவர்; அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவவேண்டும் என்றார் மற்றொருவர். நிர்வாகப் பக்கம் திறந்திருப்பின் முன்னையதை அப்பொழுதே செய்திருப்போம். அது திறவாதது எமது நற்பேறு. யாதெனின், நிர்வாகப் பக்கத்தின் வழியே அழிக்கப்படுங்கால், தாம் தரவுத்தளத்திற் சேர்த்த அட்டவணைகளையும் உடனழித்துச் செல்லுமாறு சில செருகிகள் எழுதப்பட்டுள்ளன. அன்பர் பெயர்ப்பட்டியலும் அத்துடன் போயிருக்கும்.

செய்யத்தக்கது மிக எளிது. சேர்வரின் கோப்பு நிர்வாகிக்குட் சென்று, ஐயத்துக்குரிய செருகியின் கோப்புறைப் பெயரை மாற்றிவிடுதல் போதும். கோப்புக் கிடையாதாயின் வேர்ட்பிரஸ் அதனை விட்டுவிட்டு மேற்செல்லும். தரவுத்தளத்துக்கு ஓர் ஊறும் நேராது. யாம் அவ்வாறு செய்த சிறிது நேரத்திலே பழைய மலர்கள் திரையில் மீண்டன.

நிற்க. செருகி உண்மையிலே கெட்டதா? இதற்கு விடை ஊகத்தாற் கிடைப்பதன்று. சேர்வரின் பிழைப்பதிவேட்டிற்றான் கிடைக்கும். கோப்பின் பெயரும் வரியின் எண்ணும் அதிலே குறிக்கப்பட்டிருக்கும். எமது பதிவேட்டிலே காணப்பட்டது பார்ஸ் எரர், அஃதாவது இலக்கணப் பிழை. குறித்த வரியைப் பார்த்தோம். அங்கே மாட்ச் என்னும் அமைப்பு ஆளப்பட்டிருந்தது. இஃது 2020 நவெம்பரில் வெளிவந்த பி.எச்.பி. 8.0 பதிப்பிலே புகுந்தது. எமது சேர்வரில் ஓடியதோ 7.3, 2021 டிசெம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோன பதிப்பு. புதிய இலக்கணத்தில் எழுதிய ஒரு வாக்கியத்தைப் பழைய இலக்கணமே அறிந்தவன் பிழையென்று தள்ளுவதுபோல, அது கோப்பு முழுவதையும் தள்ளிவிட்டது. செருகியில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அதனைத் தாங்கிய நிலமே பழுதுபட்டிருந்தது.

தமக்கு வேண்டிய பி.எச்.பி. பதிப்பைச் செருகிகள் தம் முகப்பிலே குறித்திருப்பின், வேர்ட்பிரஸ் அதனை நோக்கிப் புதுப்பித்தலைத் தடுக்கும். எமது செருகியின் ஆசிரியர் அவ்வொரு வரியை எழுதாது விட்டார். குற்றம் அவர்பால் அவ்வளவே. ஆண்டுக்கணக்காகப் பதிப்பு எண்ணைப் பாராதிருந்த எமது குற்றம் அதனினும் பெரிது.

அங்ஙனமாயின் பதிப்பை உடனே மாற்றிவிடலாமே எனின், அதிலும் ஓர் இடருண்டு. 8.0 பதிப்பு சிலவற்றைப் புகுத்தியதுபோலச் சிலவற்றை நீக்கியும் விட்டது. கிரியேட் ஃபங்ஷன் என்னுஞ் செயற்கூறு அங்ஙனம் நீக்கப்பட்டவற்றுள் ஒன்று. பல்லாண்டுகளுக்கு முன் யாரோ எமக்கு அமைத்துத் தந்த பக்க வடிவமைப்பு அதனையே நம்பியிருந்தது. புதிய செருகிக்குப் பழைய சேர்வர் ஆகாது. பழைய வடிவமைப்புக்குப் புதிய சேர்வர் ஆகாது. ஆகவே, முதலிற் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் படியெடுத்து வேறிடத்தில் வைத்தோம். பின்பு அப்படியைக் கொண்டு மறைவான ஒரு முகவரியிலே தளத்தின் இரட்டையொன்றை அமைத்து, அங்கே பதிப்பை மாற்றி, எழுந்த பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். பதிப்பை மாற்றியவுடன் தரவுத்தளத்தோடு பேசும் மைஎஸ்கியூஎல்ஐ என்னும் நீட்சி இல்லையென ஒரு தடை எழுந்தது. நீட்சிகளை ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியே இயக்கவேண்டும் என்பதை யாம் அறியாதிருந்தோம். இவையெல்லாம் தீர இரண்டு வார இறுதிகள் சென்றன. அதன்பின்னரே மெய்த்தளத்தில் மாற்றத்தைச் செய்து, செருகிக்கு அதன் பழைய பெயரை மீட்டளித்தோம். பதிவுசெய்த அன்பர்களின் பெயர்களில் ஒன்றும் குறையவில்லை.

இன்னொன்று சொல்லவேண்டும். 2019இல் வந்த 5.2 பதிப்பு முதலாக, இத்தகைய பிழை நேருங்கால் வேர்ட்பிரஸ் தானே நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, கெட்ட செருகியை நிறுத்திவைத்து உள்நுழையும் இணைப்பு ஒன்றையும் தருகின்றது. அக்கடிதம் எமக்கும் அனுப்பப்பட்டே இருந்தது. ஆயின், அது சென்ற முகவரி, பல ஆண்டுகளுக்கு முன் புலம்பெயர்ந்துவிட்ட முன்னைச் செயலாளருடையது. அவர் ஐந்து நாட்கழித்து, "தம்பிமாரே, இது என்ன கடிதம்?" என்று வினவி எழுதினார். அம்முகவரியை இப்பொழுது மாற்றியுள்ளோம்.