வாசலில் நிற்கும் முதல்

கடையிலுள்ள சரக்கை மாதந்தோறும் எண்ணிக் கணக்கெடுக்கும் நம் வியாபாரிகளில் பலர், அந்தச் சரக்கைச் சுமந்து செல்லும் மோட்டார் சைக்கிளைக் கணக்கில் எடுப்பதில்லை. அது வழியில் நின்றுவிடும் நாளில்தான் அதன் பெறுமதி தெரிகிறது. அன்று கராஜ் கூலி மட்டுமல்ல, போக முடியாமற்போன கடைகளின் ஓடர்களும் நட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள சிறு கடைகளுக்குத் தேயிலையும் மசாலாத் தூளும் விநியோகிப்பது எனது தொழில். மோட்டார் சைக்கிள் மீதுள்ள விருப்பமோ அதைவிடப் பழையது. வாப்பாவின் ஹொண்டா 50ஐத் துடைத்து வைப்பது சிறு வயதில் எனது வேலை. பின்னர் பாடசாலை விடுமுறைகளில் ஊரிலிருந்த ஒரு கராஜில் ஸ்பெனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக நின்றேன். "கழற்ற முதல் காது கொடுத்துக் கேள் மகன்" என்பார் அங்கிருந்த பாஸ். காய்ந்த செயினின் சத்தம் வேறு, தளர்ந்த டெபட்டின் சத்தம் வேறு என்று பிரித்தறிய அவரிடமே கற்றேன்.

இந்த வகை மோட்டார் சைக்கிள் நம்மைப் போன்றவர்களுக்காகவே பிறந்தது. ஹொண்டா நிறுவனத்தை ஆரம்பித்த சொய்சிரோ ஹொண்டா ஒரு கொல்லரின் மகன். அந்நிறுவனம் 1958இல் சுப்பர் கப்பை வெளியிட்டபோது, ஜப்பானிய நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி மறு கையால் ஓட்டக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள். கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லாமற்போனதற்கு அதுவே காரணம். 2017இல் அதன் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட எம்.டி. 90உம் அதே குடும்பம்தான். ஜப்பானியத் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்டது அது.

பராமரிப்புக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒயிலைக் கைநூல் சொல்லும் தூரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். இவ்வகைச் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றையும் ஒரே ஒயில்தான் காக்கிறது. அதுவும் ஒரு லீற்றருக்குக் குறைவான ஒயில். ப்ளக்கைக் கழற்றினால் அதன் நுனி இளம் மண்ணிறமாக இருப்பது நல்லது. கரி படிந்திருந்தால் எஞ்சினுக்குள் பெற்றோல் அதிகமாகப் போகிறது. எயார் பில்டரை உடனே பாருங்கள். எங்களது கரையோர வீதியில் மணலும் உப்புக் காற்றும் செயினை விரைவில் தின்றுவிடும். அதனால் வாரம் ஒரு முறை துடைத்து ஒயில் இடுகிறேன். டயரில் காற்றை, ஓடிச் சூடேறுவதற்கு முன் காலையிலேயே அளக்க வேண்டும்.

இந்தச் சிறு வேலைகளின் அருமையை 2022 காட்டியது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அது மீண்டும் திறக்க 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. பின்னர் வந்த கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 4 லீற்றர் மட்டுமே. எனது சைக்கிள் லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடியதால் 200 கிலோமீற்றருக்குள் எல்லாக் கடைகளையும் பார்த்து முடித்தேன். அதே ரகச் சைக்கிள் வைத்திருந்த இன்னொரு விநியோகஸ்தருக்கோ வாரத்தின் நடுவிலேயே பெற்றோல் தீர்ந்துவிடும். பிஸ்கட் பெட்டிகள் வீட்டில் தேங்கின. கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்தார். ஒரு மாலை அவரது சைக்கிளை எங்கள் முற்றத்தில் நிறுத்திப் பார்த்தோம். எயார் பில்டர் அடைபட்டிருந்தது, டயர்களில் காற்றுக் குறைவு, பின் பிரேக் உராய்ந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேர வேலைதான். அடுத்த வாரம் அவரும் தனது கடைகளை முடித்தார்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. எஞ்சினைப் பிரிப்பதைப் பாஸிடமே விடுங்கள். ஆனால் ஒயில் மாற்றிய திகதி, ஓடிய தூரம், ஊற்றிய பெற்றோல் ஆகியவற்றைக் கடைக் கணக்குக் கொப்பியிலேயே ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள். லீற்றருக்கு ஓடும் தூரம் குறையத் தொடங்கினால், சைக்கிள் நின்றுபோவதற்கு முன்னரே அந்தப் பக்கம் உங்களுக்குச் சொல்லிவிடும்.